கிளவுட்ல எது எங்க இருக்குங்கிற லிஸ்ட்டை எங்க வைக்கிறது?

நீங்க கேட்டதை முதல்ல திருப்பிச் சொல்லிடறேன், நான் சரியா புரிஞ்சுக்கிட்டேனானு பாத்துக்கோங்க. ஐடி ஸ்கேன், மெடிக்கல் ரிப்போர்ட், குடும்ப போட்டோ, என்கிரிப்ட் பண்ண (அதாவது சாவி இல்லாம படிக்க முடியாதபடி பூட்டின) பேக்கப்னு உங்க ஃபைல் எல்லாம் நாலஞ்சு கிளவுட் சர்வீஸ்ல சிதறிக் கிடக்கு. எது எங்க இருக்குனு ஒரு ஸ்ப்ரெட்ஷீட்ல லிங்க்கோட எழுதி வச்சிருக்கீங்க, அந்த ஷீட்டுக்கு பாஸ்வேர்ட் போட்டா போதுமா, வேற ஏதாவது பண்ணணுமாங்கிறது கேள்வி. இதுக்குள்ள ரெண்டு கேள்வி ஒளிஞ்சிருக்கு. அந்த லிஸ்ட் வேற யார் கைக்காவது போனா என்ன ஆகும்? உங்க கையை விட்டே போனா என்ன ஆகும்? எல்லாரும் முதல் கேள்வியை மட்டும்தான் யோசிக்கிறாங்க. நான் பல வருஷமா பேக்கப், அக்கவுன்ட் ரெக்கவரி வேலைதான் பாக்கறேன், என்கிட்ட வர்றவங்கள்ல திருட்டுக் குடுத்துட்டு வர்றவங்களை விட சாவியை உள்ள வச்சே கதவைப் பூட்டிட்டு வெளிய நிக்கறவங்கதான் ஜாஸ்தி. அதனால பதில்ல பாதிக்கு மேல ரெண்டாவது கேள்வியைப் பத்தித்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

முதல்ல அந்த ஷீட் பாஸ்வேர்ட். எக்ஸெல்ல பாஸ்வேர்ட் போடறதுனு ரெண்டு விஷயம் இருக்கு, பார்க்க ஒரே மாதிரி இருக்கும். "ப்ரொடெக்ட் ஷீட்"னு ஒன்னு, அது என்கிரிப்ஷனே கிடையாது. எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைல்ங்கிறது உண்மையில ஒரு ஜிப் ஃபைல், அதைப் பிரிச்சு உள்ள இருக்கிற எக்ஸ்எம்எல்ங்கிற டெக்ஸ்ட் ஃபைல்ல "ஷீட் ப்ரொடெக்ஷன்"ங்கிற ஒரு டேகை அழிச்சுட்டு திரும்ப ஜிப் பண்ணினா பாஸ்வேர்ட் காணாமப் போயிடும், நோட்பேட் தெரிஞ்சவங்க யாரும் பண்ணலாம். செல்ல இருக்கிறதை தப்பா மாத்திடாம இருக்கத்தான் அது. இன்னொன்னு ஃபைல் மெனுல இன்ஃபோவுக்குள்ள இருக்கிற "என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட்", அது நிஜ என்கிரிப்ஷன், 2007 வெர்ஷன்ல இருந்து ஏஇஎஸ்ங்கிற வலுவான முறைதான். பழைய எக்ஸ்எல்எஸ் ஃபார்மேட்ல சேவ் பண்ணியிருந்தா அது பெரும்பாலும் ரொம்பச் சின்ன 40 பிட் சாவி, இன்னிக்கு ஒரு சாதாரண லேப்டாப்புக்கே அது பெரிய வேலை இல்ல. கூகுள் ஷீட்ஸ்ல இருந்தா ஃபைலைத் திறக்கறதுக்குனு தனி பாஸ்வேர்டே கிடையாது, உங்க அக்கவுன்டுக்குள்ள வந்தவன் ஷீட்டுக்குள்ளயும் வந்துட்டான்.

அடுத்தது நீங்க எழுதி வச்சிருக்கிற லிங்க். இதுதான் எனக்கு உங்க கேள்வியில பெரிய கவலை. "லிங்க் இருக்கிற யாரும் பாக்கலாம்"னு செட் பண்ண லிங்க்குக்கு பாஸ்வேர்டும் இல்ல லாகினும் இல்ல, அந்த லிங்க்கே சாவி. நீளமா கன்னாபின்னானு எழுத்து இருக்கிறதால யாரும் யூகிக்க முடியாது, அது வாஸ்தவம்தான், ஆனா யூகிக்க வேண்டிய அவசியமே இல்லாம அது கசியும்: பிரவுசர் ஹிஸ்டரி இன்னொரு சிஸ்டத்துக்கு சிங்க் ஆகும், சாட்ல போட்டா ப்ரிவ்யூ காட்டறதுக்கு சில ஆப்போட சர்வர் போய் திறந்து பாக்கும், சந்தேகத்துல யாராவது வைரஸ் செக் பண்ற சைட்ல பேஸ்ட் பண்ணினா அங்க பப்ளிக்காவே பதிவாகலாம். ஷார்ட் லிங்க்னா யூகிக்கவும் முடியும். 2016ல ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஆறு ஏழு எழுத்து ஷார்ட் லிங்க்குகளை ஸ்கேன் பண்ணிப் பாத்து, அது வழியா முன்பின் தெரியாதவங்களோட ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள்ள போக முடியுதுனு காட்டினாங்க, சிலதுல எழுதவும் முடிஞ்சுது. அதனால லிஸ்ட்ல ஷேர் லிங்க் எழுதாதீங்க. எந்த சர்வீஸ், எந்த அக்கவுன்ட், உள்ள எந்த ஃபோல்டர்னு எழுதினா போதும், நீங்க லாகின் பண்ணித்தான் போகப் போறீங்க. எஸ்3ங்கிற அமேசான் ஸ்டோரேஜ் மாதிரி இடத்துல ப்ரீசைன்ட் லிங்க் (கொஞ்ச காலத்துக்கு மட்டும் லாகின் இல்லாம திறக்கிற லிங்க்) எழுதி வைக்கிறதும் வீண், அது அதிகபட்சம் 7 நாள்தான் உயிரோட இருக்கும்.

பாஸ்வேர்ட் இல்லாத லிஸ்ட் வெளிய போனா என்ன பெரிய விஷயம்னு நினைக்கலாம். 2022ல லாஸ்ட்பாஸ்ங்கிற பாஸ்வேர்ட் மேனேஜர் சர்வீஸ்ல நடந்ததைப் பாருங்க, தாக்கினவங்க கஸ்டமர்களோட வால்ட் (பாஸ்வேர்ட் எல்லாம் வைக்கிற பெட்டகம்) பேக்கப்பையே அள்ளிட்டுப் போனாங்க. அதுல யூசர்நேம், பாஸ்வேர்ட், நோட்ஸ் எல்லாம் என்கிரிப்ட் ஆகி இருந்துச்சு, வெப்சைட் முகவரி எல்லாம் என்கிரிப்ட் ஆகாம இருந்துச்சு. அதாவது யாருக்கு எங்கெங்க அக்கவுன்ட் இருக்குங்கிற லிஸ்ட் வெளிய போயிடுச்சு. அந்த லிஸ்ட்டை வச்சு எந்த வால்ட்டை முதல்ல உடைக்கலாம், யாருக்கு எந்த சர்வீஸ் பேர்ல போலி மெயில் அனுப்பலாம்னு திட்டம் போட முடியும். உங்க லிஸ்ட்டும் அதே மாதிரிதான், "மெடிக்கல் ரிப்போர்ட் இங்க இருக்கு, அக்கவுன்ட் இந்த மெயில் ஐடி"னு ஒரு வரி போதும், ஃபிஷிங் பண்றவனுக்கு, அதாவது போலி மெயில் அனுப்பி ஏமாத்தறவனுக்கு, பாதி வேலை முடிஞ்சுது.

சரி, எங்க வைக்கலாம்? என் சிபாரிசு கீபாஸ்ங்கிற இலவச பாஸ்வேர்ட் மேனேஜர் வகை ஃபைல், கம்ப்யூட்டர்ல கீபாஸ்எக்ஸ்சி, போன்ல அதே ஃபைலைத் திறக்கிற கீபாஸ்டிஎக்ஸ், கீபாசியம் மாதிரி ஒன்னு. காரணம் ரொம்ப சிம்பிள், டைட்டில், முகவரி, நோட்ஸ், அட்டாச்மென்ட் எல்லாம் சேர்த்து முழு ஃபைலும் என்கிரிப்ட் ஆகுது, எந்த கம்பெனியோட சர்வரையும் நம்ப வேண்டியதில்ல, புது ஃபார்மேட்ல ஆர்கன்2ங்கிற முறையில சாவி உருவாக்கறதால மாஸ்டர் பாஸ்வேர்டை (அந்த ஃபைலையே திறக்கிற பாஸ்வேர்டை) ஒவ்வொன்னா போட்டுப் பாக்கறது தாக்கறவனுக்கு ரொம்ப செலவாகும். ஏற்கெனவே பிட்வார்டன் மாதிரி பாஸ்வேர்ட் மேனேஜர் ஒன்னு ஒழுங்கா யூஸ் பண்ணிட்டிருந்தீங்கன்னா அதுலயே செக்யூர் நோட்டா வச்சுக்கோங்க, இதுக்காக மாற வேண்டாம். டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதி ஜிபிஜி, ஏஜ் மாதிரி என்கிரிப்ஷன் டூல் வச்சு பூட்டறதும் தப்பில்ல, ஆனா ஒவ்வொரு தடவை எடிட் பண்ணும்போதும் அன்என்கிரிப்டட் காப்பி ஒன்னு டிஸ்க்ல விழும், எடிட்டரோட ஸ்வாப் ஃபைல் (தற்காலிக காப்பி) விழும், எஸ்எஸ்டில அழிச்சாலும் அது முழுசா அழிஞ்சுதானு கேரன்டி கிடையாது. அந்தத் தொல்லை தெரிஞ்சவங்க மட்டும் அந்தப் பக்கம் போகலாம்.

ஒரு என்ட்ரியில என்ன இருக்கணும்னா, நான் எழுதற மாதிரி ஒன்னு சொல்றேன். டைட்டில் "பழைய போட்டோ, ரெண்டாவது காப்பி". அதுக்குக் கீழ நோட்ஸ்ல: எந்த சர்வீஸ், எந்த மெயில் ஐடியில ஆரம்பிச்ச அக்கவுன்ட், ஃபோல்டர் பேர் என்ன, எந்த சாஃப்ட்வேரால என்கிரிப்ட் பண்ணியிருக்கு, கிரிப்டோமேட்டரா ஆர்குளோனா வெராகிரிப்டா, அந்த என்கிரிப்ஷன் பாஸ்வேர்ட் எந்த என்ட்ரியில இருக்கு, டூ ஃபேக்டர் (பாஸ்வேர்டுக்கு மேல கேக்கிற ரெண்டாவது கோட்) எதுல வருது, அது கிடைக்காதப்போ உள்ள போக உதவற ரெக்கவரி கோட் எந்தக் கவர்ல இருக்கு, பணம் எந்தக் கார்டுல போகுது, கடைசியா எப்போ ஒரு ஃபைலை இறக்கித் திறந்து பாத்தேன். கடைசி ரெண்டையும் யாரும் எழுதறதில்ல. கார்டு காலாவதி ஆகி, பில் ஃபெயிலாகி, எச்சரிக்கை மெயில் எல்லாம் திறக்காத இன்பாக்ஸுக்குப் போய் டேட்டா அழிஞ்ச கேஸ் நிறைய பாத்திருக்கேன், அங்க ஹேக்கர் யாரும் வரல. இலவச அக்கவுன்டுக்கும் இதே கதைதான், கூகுள் 2 வருஷம் தொடாம விட்ட பர்சனல் அக்கவுன்டை அழிக்கலாம்னு கொள்கையை மாத்தி 2023 டிசம்பர்ல இருந்து அமல் பண்ண ஆரம்பிச்சாங்க. அதனால கடைசியா லாகின் பண்ண தேதியும் ஒரு வரி எழுதுங்க.

கிளவுட்டுக்கு ஃபைல் அனுப்பற ஆர்குளோன் டூலை யூஸ் பண்றீங்களானு நீங்க சொல்லல, "என்கிரிப்ட் பண்ண பேக்கப்"னு சொன்னதால ஒரு வார்த்தை. அதோட கான்ஃபிக் (செட்டிங்ஸ்) ஃபைல்தான் உங்களுக்கே தெரியாம இருக்கிற ரெண்டாவது லிஸ்ட். எந்தெந்த கிளவுட், எந்த டோக்கன் (பாஸ்வேர்ட் கேக்காம உள்ள விடற அனுமதிச் சீட்டு), எந்த பாஸ்வேர்ட் எல்லாம் அந்த ஒரு ஃபைல்ல இருக்கும், திறந்து பாத்தா பாஸ்வேர்ட் இடத்துல புரியாத எழுத்தா தெரியும், ஆஹா என்கிரிப்ட் ஆகியிருக்குனு நிம்மதியா மூடிடுவோம். அது வெறும் மறைப்புதான், அந்த ஃபைல் கிடைச்சவங்க அதைத் திரும்ப வாசிக்கக்கூடிய வடிவத்துக்கு மாத்திடலாம், அவங்க டாக்குமென்டேஷன்லயே அப்படித்தான் எழுதியிருக்கு. கான்ஃபிக் மெனுல "செட் கான்ஃபிகரேஷன் பாஸ்வேர்ட்"னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதைப் போட்டாத்தான் ஃபைல் நிஜமா பூட்டும். ஆர்குளோன்ல ஃபைலை என்கிரிப்ட் பண்ற கிரிப்ட்ங்கிற வசதியில ரெண்டு பாஸ்வேர்ட் கேக்கும், ரெண்டாவதுக்கு சால்ட்னு பேரு, அதையும் சேர்த்து எழுதி வைங்க, சால்ட் போட்டிருந்து அது தொலைஞ்சா முதல் பாஸ்வேர்டை மட்டும் வச்சு ஒன்னும் பண்ண முடியாது. ஃபைல் பேரை என்கிரிப்ட் பண்ணினீங்களா இல்லையாங்கிறதையும் எழுதணும், அந்த செட்டிங் மாறினா உள்ள இருக்கிறது உங்களுக்கே தெரியாது. கிரிப்டோமேட்டர்னா மாஸ்டர்கீ ஃபைல் (சாவி இருக்கிற ஃபைல்) அந்த ஃபோல்டர்லயே இருக்கும், யாராவது தெரியாம டெலிட் பண்ணிட்டா பாஸ்வேர்ட் தெரிஞ்சும் திறக்காது, அதுக்குத்தான் ரெக்கவரி கீனு ஒன்னு தர்றாங்க, எடுத்து வச்சுக்கோங்க.

இதெல்லாம் எதுக்கு, சர்வீஸ்காரங்களே என்கிரிப்ட் பண்றாங்களேனு கேக்கலாம். 2011 ஜூன் 19ல டிராப்பாக்ஸ்ல ஒரு கோட் அப்டேட்ல தப்பு ஆகி, கிட்டத்தட்ட நாலு மணி நேரம் எந்த பாஸ்வேர்டைப் போட்டாலும் அக்கவுன்ட் திறந்துச்சு. சாவி அவங்க கையில இருக்கிற வரைக்கும் அவங்க தப்பும் உங்க தலையிலதான் விடியும். அப்லோட் பண்றதுக்கு முன்னாடியே நீங்க பூட்டினா லிஸ்ட் கசிஞ்சாலும் உள்ள இருக்கிறது கசியாது. ஃபைல் எத்தனை, ஒவ்வொன்னும் எவ்வளவு பெருசு, எப்போ மாத்தினீங்கங்கிறது மட்டும் அப்பவும் வெளிய தெரியும்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். உங்க லிஸ்ட் ஒரு கிளவுட்ல இருக்கு. அந்தக் கிளவுட்டோட பாஸ்வேர்ட் லிஸ்ட்டுக்குள்ள இருக்கு. ஃபர்கெட் பாஸ்வேர்ட் போட்டா மெயிலுக்குப் போகும், மெயில் பாஸ்வேர்டும் லிஸ்ட்டுக்குள்ளதான். மெயில்ல டூ ஃபேக்டர், கோட் வர்ற ஆப் போன்ல, போன் ஆட்டோல விட்டுட்டு வந்துட்டீங்க. எல்லாமே பாதுகாப்பாத்தான் இருக்கு, உங்களுக்கு மட்டும் வழி இல்ல. நான் யாருக்கு செட் பண்ணிக் குடுத்தாலும் கடைசியில ஒரு டெஸ்ட் வைப்பேன், வெறுங்கை டெஸ்ட்னு நானே வச்ச பேரு. போனும் லேப்டாப்பும் ஒரே நாள்ல போயிடுச்சு, புது மெஷின் ஒன்னு, உங்க ஞாபகம், பூட்டி வச்சிருக்கிற ஒரு காகிதம், இது மூணு மட்டும்தான். இதை வச்சு லிஸ்ட்டைத் திறக்க முடியுதா? வாயால சொன்னா ஒத்துக்க மாட்டேன், உங்க லேப்டாப்லயே புது யூசர் ஒன்னு உருவாக்கி, போனை வேற ரூம்ல வச்சுட்டு நிஜமா பண்ணிக் காட்டணும். அடுத்தவங்க மெஷின்ல மட்டும் இந்த டெஸ்ட் பண்ணாதீங்க, மாஸ்டர் பாஸ்வேர்ட் டைப் பண்றோம்ல.

இந்த டெஸ்ட் பாஸ் ஆகணும்னா ரெண்டு விஷயம் தலையில இருக்கணும், மாஸ்டர் பாஸ்ஃப்ரேஸும் (பல வார்த்தை சேர்ந்த மாஸ்டர் பாஸ்வேர்ட்) மெயில் பாஸ்வேர்டும். மத்ததெல்லாம் மறந்தா பரவாயில்ல. காகிதத்துல மெயிலோட ரெக்கவரி கோடு இருக்கணும், கூகுள்னா எட்டு இலக்கத்துல 10 கோடு தருவாங்க, ஒவ்வொன்னும் ஒரு தடவைதான் செல்லும், யூஸ் பண்ணினதை அடிச்சுடுங்க. மாஸ்டர் பாஸ்ஃப்ரேஸையும் ஒரு காகிதத்துல எழுதி வேற இடத்துல வைக்கலாமானு கேட்டா, என்னைப் பொறுத்தவரை வைக்கலாம். காகிதத்தை நெட் வழியா யாரும் திருட முடியாது. உங்க கூடவே இருக்கிறவங்களை நினைச்சுத்தான் பயம்னா அப்ப வேண்டாம், இது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

பாஸ்ஃப்ரேஸ் எப்படி எடுக்கறதுன்னா பகடை உருட்டி வார்த்தை எடுக்கிற டைஸ்வேர் முறையே போதும், 7776 வார்த்தை லிஸ்ட்ல இருந்து ஆறு வார்த்தை, சுமார் 77 பிட் வரும், ஒவ்வொன்னா போட்டுப் பாத்துக் கண்டுபிடிக்க முடியாத அளவு. வார்த்தையை நீங்களா யோசிச்சு எடுக்கக் கூடாது, பகடைதான் எடுக்கணும். தமிழ்லயே வைக்கலாமேனு நிறைய பேருக்கு ஆசை வரும், அதுல ஒரு குழி இருக்கு. "கொ"ன்னு டைப் பண்ணும்போது ஒரு கீபோர்ட் அந்த ஒகரக் குறியை ஒரே யூனிகோட் எண்ணா அனுப்பலாம், இன்னொன்னு ஒற்றைக்கொம்பு, துணைக்கால்னு ரெண்டா அனுப்பலாம், ஸ்க்ரீன்ல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆப் அதைச் சமன் பண்ணலைன்னா ரெண்டும் வேற வேற பாஸ்வேர்ட், நீங்க சரியா அடிச்சும் "தப்பு"னு சொல்லிட்டே இருக்கும். தமிழ் வார்த்தைதான் வேணும்னா இங்கிலீஷ் எழுத்துல அடிங்க.

லிஸ்ட் ஃபைலை எத்தனை இடத்துல வைக்கலாம்? என் கணக்குல லேப்டாப்ல ஒன்னு, போன்ல ஒன்னு, ஒரு கிளவுட்ல ஒன்னு, வீட்டுக்கு வெளிய ஒரு யூஎஸ்பில ஒன்னு. கிளவுட்ல வைக்கிறது, லிஸ்ட்ல இருக்கிற முக்கியமான டேட்டா எந்த சர்வீஸ்ல இருக்கோ அதுலயே இல்லாம வேற ஒன்னுல இருந்தா நல்லது. 2012 ஜனவரில மெகாஅப்லோட்ங்கிற ஃபைல் சேமிக்கிற சைட்டை ஒரே நாள்ல மூடினப்ப, ஒழுங்கா சொந்த ஃபைல் வச்சிருந்தவங்களுக்கும் சேர்த்தே கதவு சாத்தினாங்க. போன்லயும் லேப்டாப்லயும் ஒரே நேரத்துல எடிட் பண்ணினா கான்ஃப்ளிக்ட் காப்பி உருவாகும், பயந்து ஒன்னை அழிச்சுடாதீங்க, கீபாஸ்எக்ஸ்சில மெர்ஜ் பண்ற வசதி இருக்கு. இன்னொன்னு, மாஸ்டர் பாஸ்வேர்டை மாத்தினாலும் கிளவுட்டோட வெர்ஷன் ஹிஸ்டரில இருக்கிற பழைய காப்பி பழைய பாஸ்வேர்டுலதான் திறக்கும். பழைய பாஸ்வேர்ட் யாருக்கோ தெரிஞ்சுடுச்சுனு மாத்தறீங்கன்னா, உள்ள இருக்கிற பாஸ்வேர்ட் எல்லாத்தையும் மாத்தணும், வெறும் மாஸ்டரை மட்டும் மாத்தறது கண்துடைப்பு.

இதுவரைக்கும் சொன்னதுல என்கிரிப்ஷன், லிங்க், லிஸ்ட்டைத் திறக்க லிஸ்ட்டே வேணுங்கிற அந்தச் சுழல் பத்தினதெல்லாம் உறுதியா சொல்றேன். இனி வர்றது என் அபிப்ராயம், வேற ஆள் வேற மாதிரி சொல்லலாம். லிஸ்ட்ல உண்மையான பேருக்குப் பதிலா சங்கேதப் பேர் வைக்கிறது எனக்குப் பிடிக்கல, அஞ்சு வருஷம் கழிச்சு "நீலப் பெட்டி"ன்னா என்னனு உங்களுக்கே தெரியாது. லிஸ்ட்டை ரெண்டாப் பிரிச்சு ரெண்டு இடத்துல வைக்கிறதும் அப்படித்தான். ஷமீர்ங்கிற கிரிப்டோகிராஃபி நிபுணர் 1979லயே சொன்ன, மூணு துண்டுல ஏதாவது ரெண்டு சேர்ந்தா திறக்கிற மாதிரியான முறை கணக்கா பாத்தா ரொம்ப அழகு, ஆனா துண்டு வச்சிருக்கிற மாமாவுக்கு அது என்னனு தெரியாம பேப்பர்காரருக்குப் போட்டுடுவார். குடும்பத்துக்காகன்னா பிட்வார்டன்ல எமர்ஜென்சி ஆக்சஸ் இருக்கு, நீங்க குறிச்ச ஆள் கேட்டு, நீங்க சொன்ன நாளுக்குள்ள நீங்க மறுக்கலைன்னா அவங்களுக்குத் திறக்கும். கூகுள்ல இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்ல, நீங்க அக்கவுன்டைத் தொடாம விட்டா அப்புறம் என்ன ஆகணும்னு 3 மாசத்துல இருந்து 18 மாசம் வரைக்கும் காலம் வச்சு, யாருக்கு எது போகணும்னு சொல்லலாம். என்கிரிப்ட் பண்ண ஃபைல் அவங்க கைக்குப் போனாலும் சாவி தனியாப் போய்ச் சேரணும், அதை இந்த கூகுள் வசதி பாத்துக்காது.

இந்த ஏற்பாடு எதுவும் காப்பாத்தாத இடம் ஒன்னு இருக்கு. உங்க மெஷின்லயே மால்வேர் உக்காந்திருந்தா, நீங்க லிஸ்ட்டைத் திறக்கிற நிமிஷம் அதுக்கும் திறந்த மாதிரிதான். கீபாஸ், பிட்வார்டன் எதுவா இருந்தாலும் அதே கதி. கிராக் சாஃப்ட்வேர் போடற மெஷினையும் இந்த ஃபைலைத் திறக்கிற மெஷினையும் ஒன்னா வச்சுக்காதீங்க. சட்டப்படி பாஸ்வேர்டைக் கேட்டா குடுக்கணுமாங்கிறது நாட்டுக்கு நாடு மாறும், அதுக்கு வக்கீல்தான் பதில் சொல்லணும்.

கடைசியா, இப்ப இருக்கிற ஷீட்டை என்ன பண்றது. அவசரப்பட்டு முதல்லயே டெலிட் பண்ணாதீங்க. புது லிஸ்ட்டை எழுதி முடிச்சு, ஒவ்வொரு இடத்துலயும் லாகின் பண்ணி ஒரு ஃபைலையாவது இறக்கித் திறந்து பாத்து, வெறுங்கை டெஸ்டையும் பாஸ் பண்ணதுக்கு அப்புறம்தான் பழசு. ஷீட்ல இருந்த ஒவ்வொரு ஷேர் லிங்க்கையும் அந்தந்த சர்வீஸ்ல போய் ஆஃப் பண்ணுங்க, ஷீட்டை அழிச்சா லிங்க் சாகாது. அப்புறம் ஷீட்டை அழிச்சு ட்ராஷையும் காலி பண்ணுங்க, கூகுள் டிரைவ்னா ட்ராஷ்ல 30 நாள் அப்படியே கிடக்கும். உங்களுக்கு நீங்களே மெயில் அனுப்பி வச்ச காப்பி, போன் டவுன்லோட் ஃபோல்டர்ல கிடக்கிற காப்பி, சாட்ல யாருக்காவது அனுப்பினது எல்லாத்தையும் தேடிப் பாருங்க. ஷீட்ல ஒரு ஓரத்துல பாஸ்வேர்டும் எழுதி வச்சிருந்தீங்கன்னா, கேள்வியில சொல்லலைனாலும் பாதி பேர் வச்சிருப்பாங்க, அதெல்லாம் இனிமே வெளிய போன பாஸ்வேர்டுனு எடுத்துக்கிட்டு மாத்திடுங்க, மெயில் பாஸ்வேர்டுல இருந்து ஆரம்பிச்சு.